குழாய்வழி உணவும் வாழ்க்கைத் தரமும்: நாம் அளப்பது எதை?



கடந்த சில ஆண்டுகளாக நம் நாட்டு நீதிமன்றங்களில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்து வருகிறது. வாயால் உண்ண இயலாமல், மூக்கு வழியாகவோ வயிற்றில் இட்ட துளை வழியாகவோ குழாய்மூலம் உணவு பெறும் ஒருவருடைய வாழ்வு எத்தகையது? அந்த வாழ்வின் தரத்தை அளப்பது யார்? எந்த அளவுகோலால் அளப்பது?

2013ஆம் ஆண்டு உயரமான கட்டடத்திலிருந்து விழுந்து மூளை பாதிக்கப்பட்ட ஓர் இளைஞர், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வயிற்றுக் குழாய் வழியே உணவு பெற்றுவந்தார். அவரைப் பராமரித்துத் தளர்ந்துபோன வயதான பெற்றோர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். 2024 ஜூலையில் அந்நீதிமன்றம், அவர் இயந்திர உதவியால் உயிர்வாழவில்லை என்று கூறி மனுவை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உணவுக் குழாயை உயிர்காப்புக் கருவியாகக் கொள்ள இயலாது என்ற கருத்தையே வெளியிட்டது. 2025இல் பெற்றோர் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மகனுடைய நிலையை ஆராய மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்தப் பெற்றோரைக் குறைகூற நமக்கு எந்த உரிமையும் இல்லை. மகன்மேல் பாசம் இல்லாதவர்கள் பத்து ஆண்டுகள் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

இது எங்கோ வடநாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பழனி மலைத் தொடரில், கொடைக்கானல் நகரிலும், பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களிலும் இதே கேள்வி வேறு வடிவில் வீட்டு வாசலுக்கு வருகிறது. பக்கவாதம் தாக்கிய தாத்தா, வாய்ப்புற்றுநோய் கண்ட குடும்பத் தலைவர், மலைப்பாதையில் இருசக்கர வாகனம் சரிந்து தலையில் அடிபட்ட இளைஞர், நினைவு மங்கிய பாட்டி என்று பலரும் மதுரையிலோ தேனியிலோ திண்டுக்கல்லிலோ சில வாரங்கள் சிகிச்சை பெற்றபின், மூக்கில் குழாயும் கையில் ஒரு சிரிஞ்சுமாக மலையேறி வீடு திரும்புகின்றனர். சில நாள் கழித்து, பார்க்க வரும் உறவினர் ஒருவர் மெல்ல அந்தச் சொல்லைச் சொல்கிறார்: "இது ஒரு வாழ்க்கையா?" நீதிமன்றத்தில் "வாழ்க்கைத் தரம்" என்று பேசப்படுவதும் திண்ணையில் இப்படிக் கேட்கப்படுவதும் ஒரே கேள்விதான். எனவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

குழாய் என்பது என்ன?

மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயை நம் மருத்துவமனைகளில் "ரைல்ஸ் டியூப்" என்பார்கள். 1921இல் இதற்கு வடிவம் கொடுத்த ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் அப்படி வழங்குகிறது. சில வாரங்களுக்கு மட்டும் தேவையென்றால் இது போதும். நீண்ட காலம் தேவைப்பட்டால், உள்நோக்குக் கருவியின் உதவியோடு வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு "பெக்" என்னும் குழாயைப் பொருத்துகிறார்கள். இம்முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு குழந்தைக்கு முதன்முதலில் செய்யப்பட்டது. விழுங்கத் தெரியாத குழந்தைகளைக் காப்பதற்காகப் பிறந்த முறை இது என்பதை நினைவில் கொள்வோம்.

எல்லா நோயாளிகளுக்கும் குழாய் ஒரே பலனைத் தருவதில்லை. பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் திறன் நாள்கள் அல்லது வாரங்களில் திரும்புகிறது. அதுவரை குழாய் ஒரு பாலமாக நிற்கிறது. தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு பெறும் புற்றுநோயாளிக்கு அது சிகிச்சையைத் தாங்கும் பலம் தருகிறது. ஆனால் மறதிநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்குக் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு செல்வதைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. எனவே 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், இத்தகையோருக்குக் குழாயைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. ஆகவே "குழாய் வைத்தால் பிழைப்பாரா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. "இவருக்கு, இந்த நோயில், இந்தக் கட்டத்தில் குழாய் என்ன நன்மை செய்யும்?" என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அளவுகோல்கள் என்ன சொல்கின்றன?

வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவ உலகம் பல வினாத்தாள்களை வைத்திருக்கிறது. அவற்றுள் மூன்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, உலக சுகாதார நிறுவனம் 1990களில் உருவாக்கியது. அதை உருவாக்கிய மையங்களுள் சென்னையும் புது டெல்லியும் இருந்தன என்பது நமக்குப் பெருமை. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள் உள்ளன. உடல், உள்ளம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்ற நான்கு பகுதிகளை அவை தொடுகின்றன. வாழ்வுக்குப் பொருள் இருப்பதாக உணர்கிறீர்களா என்றுகூட ஒரு கேள்வி உண்டு.

இரண்டாவது, ஐரோப்பாவில் தோன்றிய "ஈக்யூ-5டி". நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்தல், அன்றாடப் பணிகள், வலி, மனக்கலக்கம் என ஐந்தே கேள்விகள். விடைகளை ஓர் எண்ணாக மாற்றுகிறார்கள். முழு நலம் என்றால் 1. இறப்பு என்றால் 0. சில நிலைகளுக்குச் சுழியத்துக்கும் கீழான எண்ணும் உண்டு. அதாவது, "இறப்பைவிடக் கேடானது" என்று கணக்குச் சொல்லும் நிலைகள். இந்த எண்களை நிர்ணயிப்பது பெரும்பாலும் நோயாளி அல்லர். அந்நிலையைக் கற்பனை செய்து பார்க்கும்படி கேட்கப்பட்ட பொதுமக்களே பல நாடுகளில் அவற்றை நிர்ணயித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தலை மற்றும் கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கென ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தயாரித்த வினாத்தாள். உணவுக் குழாய் பயன்படுத்தினீர்களா என்று அது நேரடியாகக் கேட்கிறது. குடும்பத்தார் முன்னிலையில் சாப்பிடக் கஷ்டமாக இருந்ததா என்றும் கேட்கிறது. இந்தக் கேள்வியை எழுதியவர்கள் நோயாளிகளின் அருகில் அமர்ந்து கேட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். வாயில் கட்டி வந்தவர் சாப்பாட்டு நேரத்தில் கொல்லைப்புறம் ஒதுங்கிப் போவதை நம் வீடுகளில் நாமும் பார்த்திருக்கிறோம்.

இந்த வினாத்தாள்களைத் தவறானவை என்று நாம் தள்ளிவிடக் கூடாது. வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, பயம் இருக்கிறதா என்று ஒருவர் அக்கறையோடு கேட்டு எழுதிக்கொண்டால்தான் மருந்தும் பராமரிப்பும் சீராகும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நகரும் நம் பழக்கத்தைவிட இது மேலானது. பிரச்சினை எழுவது இரண்டு இடங்களில். ஒன்று, பதில் சொல்பவர் யார் என்பது. மற்றொன்று, கிடைத்த எண்ணை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பது.

பதில் சொல்வது யார்?

குழாயில் உண்பவர்களில் பலரால் பேச இயலாது. எனவே மகளோ மருமகளோ மருத்துவரோ அவருக்காகப் பதில் சொல்கிறார்கள். இப்படிப் பிறர் சொல்லும் மதிப்பீடு, நோயாளி தானே சொல்லும் மதிப்பீட்டைவிடப் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாக அறிந்த செய்தி. குறிப்பாக வலி, மனநிலை போன்ற வெளியே தெரியாத காரியங்களில் இந்த வேறுபாடு அதிகம். பார்ப்பவர் தன் அச்சத்தையும் களைப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறார்.

1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கடுமையான உடல் குறைபாடு உடையவர்களிடம் அவர்களது வாழ்க்கைத் தரத்தைக் கேட்டது. அவர்களில் 54 விழுக்காட்டினர் அது நன்று அல்லது மிக நன்று என்றனர். வெளியாள்கள் பார்வையில் சோகமாகத் தெரிந்த வாழ்வை, அதை வாழ்பவர்கள் அப்படிப் பார்க்கவில்லை.

2011இல் பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. உடல் முழுதும் செயலிழந்து, பெரும்பாலும் கண்ணசைவால் மட்டுமே பேசக்கூடிய நோயாளிகள் 65 பேரின் விடைகளை அவர்கள் ஆராய்ந்தனர். 47 பேர் தாங்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் மகிழ்ச்சியாக இல்லை என்றும் தெரிவித்தனர். வினாத்தாளுக்குப் பதிலே அனுப்பாதவர்களும் பலர் என்பதால், இந்த எண்ணை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக் கூடாது. அந்த 18 பேரின் குரலையும் நாம் மறைக்கக் கூடாது. அவர்களது துயரம் எதனோடு தொடர்புடையதாக இருந்தது என்று பாருங்கள்: வெளியே நடமாட வழியின்மை, பொழுதுபோக்கின்மை, பேச்சு திரும்பாமை, மனப்பதற்றம். இவற்றுள் பல, பிறர் உதவியால் குறையக்கூடிய துயரங்கள்.

நம் மலையில் வாழ்க்கைத் தரம்

இங்கே நம் மலைவாழ்வைச் சேர்த்துப் பார்ப்போம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் காய்ச்சிய கஞ்சி, சிரிஞ்சில் எடுப்பதற்குள் ஆறிவிடுகிறது. கஞ்சி சரியாக வடிகட்டப்படாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்கிறது. நள்ளிரவில் நோயாளி தன்னையறியாமல் குழாயைப் பிடுங்கிவிட்டால், மீண்டும் பொருத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். மேல்மலைக் கிராமத்தில் அவர் எங்கே கிடைப்பார்? வண்டி பிடித்து நகருக்கு வர வேண்டும். பெக் குழாய் என்றால் பெரும்பாலும் மலையிறங்கி மதுரை போன்ற நகரத்துக்கே போக வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரியும். மே மாதத்தில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நிற்கும். வெள்ளகவி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நோயாளியைத் தோளில் சுமந்தே சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

உடனிருந்து பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். அவர் பூண்டுக் காட்டுக்கோ காப்பித் தோட்டத்துக்கோ தங்கும் விடுதி வேலைக்கோ போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் உணவு கொடுக்க வேண்டுமென்றால் அவர் வேலையை விட வேண்டும். கூலி போகிறது, செலவு கூடுகிறது. இந்த நிலையில் நோயாளியின் வாழ்க்கைத் தரம் தாழ்ந்தது என்று வினாத்தாள் காட்டினால், அந்தத் தாழ்வுக்குக் காரணம் குழாயா? சாலையா? கூலியா? பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்காததா? ஒரே நோய், ஒரே குழாய், ஒரே வயது உள்ள இருவர், ஒருவர் நகரத்திலும் மற்றவர் மலைக் கிராமத்திலும் இருந்தால் இருவருக்கும் எண் வேறுபடும். அப்படியானால் அந்த எண் நோயாளியைப் பற்றிச் சொல்வதைவிட, அவரைச் சூழ்ந்துள்ள நம்மைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இதற்குச் சான்றாக ஒரு வாழ்வு நம் நாட்டில் உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி நினைவாற்றலையும் இயக்கத்தையும் இழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை மாறி மாறி அவரைப் பராமரித்தனர். நீண்ட காலம் மசித்த உணவை ஊட்டினர். அவருக்கு மீன் பிடிக்கும் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை ஆண்டுகள் படுத்திருந்தும் உடலில் படுக்கைப் புண் இல்லை என்று அவரைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைத் தங்களுள் ஒருவராகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களின் விருப்பத்துக்கு நீதிமன்றம் மதிப்பளித்தது.

ஆனால் இதை ஓர் அழகிய கதையாக மட்டும் சொல்லிவிட்டு நாம் போய்விடக் கூடாது. அருணாவுக்கு ஒரு மருத்துவமனையே துணை நின்றது. முறைவைத்துப் பார்க்கப் பலர் இருந்தனர். கூக்காலில் தனியாக ஒரு மருமகளிடம் அதையே எதிர்பார்ப்பது அநியாயம். அன்பு எவ்வளவு இருந்தாலும், இரண்டு கைகள் இருபது கைகளின் வேலையைச் செய்ய முடியாது.

சட்டம், திருச்சபை, மனச்சான்று

2011 தீர்ப்பு, மீளமுடியாத நிலையில் உள்ளவருக்குச் சிகிச்சையை நிறுத்துவதை உயர் நீதிமன்ற அனுமதியோடு மட்டும் ஏற்றது. 2018 மார்ச் 9 அன்று அரசியல் சாசன அமர்வு, மாண்போடு இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றும், ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதற்கான நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன. இரண்டு மருத்துவக் குழுக்கள் நோயாளியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு தொடர்கிறது.

திருச்சபையின் நிலைப்பாடு என்ன? எந்தச் சிகிச்சையையும் எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது என்பதே கத்தோலிக்கப் போதனை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உண்மை அன்று. 1957இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இயல்பான வழிகளால் உயிரைக் காப்பதே கடமை என்றும், தாங்கவியலாச் சுமையை ஏற்படுத்தும் அசாதாரண வழிகளைக் கையாளக் கட்டாயமில்லை என்றும் மருத்துவர்களிடம் விளக்கினார். 1980இல் வெளியான கருணைக்கொலை பற்றிய அறிக்கையும் அதையே உறுதிப்படுத்தியது.

உணவும் நீரும் இதில் எங்கே வருகின்றன? 2004 மார்ச் 20 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், குழாய்வழியே கொடுக்கப்பட்டாலும் உணவும் நீரும் அடிப்படைப் பராமரிப்பையே சேரும் என்றும், கொள்கையளவில் அவை கடமை என்றும் கூறினார். ஓராண்டுக்குப் பின், 2005 மார்ச் 30 அன்று, அவருக்கே மூக்குக் குழாய் வழியாக உணவு தரப்படுவதாக வத்திக்கான் அறிவித்தது. மூன்று நாள் கழித்து, மேற்கொண்டு தீவிர சிகிச்சைக்காக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படாமல், தம் அறையிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். உணவை ஏற்றார், இறப்பு நெருங்கியபோது அதோடு போராடவும் இல்லை. அவர் போதித்தது அவர் படுக்கையிலேயே நமக்கு விளங்குகிறது.

2007இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தந்த விளக்கம் நம் மலைமக்கள் அறியவேண்டிய ஒன்று. உணவையும் நீரையும் உடல் ஏற்க இயலாதபோதும், அரிதாக, அவற்றைத் தரும் முறையே பெரும் துன்பமாகும்போதும் அந்தக் கடமை இல்லை என்கிறது அது. தொலைதூரப் பகுதிகளிலும் கடும் வறுமையிலும் செயற்கை முறையில் உணவளிப்பது இயலாமல் போகலாம் என்பதையும் அது ஏற்கிறது. இயலாததைச் செய்ய எவரும் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் கைக்கெட்டும் சிறிய பராமரிப்பையாவது தர வேண்டும் என்ற கடமை நீங்குவதில்லை. 2020இல் வெளியான "நல்ல சமாரியர்" பற்றிய மடலும் இதே வழியில் செல்கிறது. உடல் உணவை ஏற்கும்வரை அதைக் கொடுக்க வேண்டும். ஏற்காத நிலையில் நிறுத்திவிட வேண்டும் என்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. சிகிச்சையின் பயனையும் சுமையையும் நாம் அளக்கலாம், அளக்கவும் வேண்டும். மனிதரையே பயன் என்றும் சுமை என்றும் அளக்கும் உரிமை நமக்கு இல்லை. "இந்தக் குழாய் இவருக்குத் துன்பம் தருகிறதா?" என்பது நேர்மையான கேள்வி. "இவரே நமக்குத் துன்பமாகிவிட்டாரா?" என்ற கேள்வி அதன் முகமூடியை அணிந்து வரக்கூடும்.

இந்த முகமூடி நம் மண்ணுக்குப் புதிதன்று. தலைக்கூத்தல் என்ற வழக்கம் பற்றி 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உயிரைப் போக்கும் கொடுமை அது. வாயில் பால் ஊற்றி மூச்சடைக்கச் செய்வதும் உண்டு. ஊட்டுவதற்குரிய பாலே கொல்வதற்கும் ஆனது. இவ்வழக்கத்தைப் பற்றி எடுக்கப்பட்டுத் தேசிய விருது பெற்ற தமிழ்த் திரைப்படத்தின் பெயர் "பாரம்". முதியவரைப் பாரம் என்று ஒரு சமூகம் முடிவுகட்டிய பின், குழாயும் சட்டமும் தேவைப்படுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வாழ்வு புனிதமானது என்று உரக்கச் சொல்லிவிட்டு, நோயாளியின் வலியைக் கேட்காமலேயே விட்டுவிடும் சோதனை விசுவாசிகளாகிய நமக்கு உண்டு. "சிலுவையைத் தாங்கிக்கொள்ளுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். படுக்கைப் புண்ணோடும், காய்ந்து வெடித்த உதட்டோடும், மூக்கில் உறுத்தும் குழாயோடும் கிடப்பவரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மறுப்பது பக்தி ஆகாது. அளப்போம், எதைச் சீராக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

பங்குச் சமூகமாக என்ன செய்யலாம்?

1. குழாய் வைக்குமுன் கேட்போம். எதற்காக, எத்தனை காலத்துக்கு, எப்போது மறுபடி பார்த்து முடிவு செய்வது என்று மருத்துவரிடம் கேட்பது குடும்பத்தின் உரிமை. நோயாளிக்கு நினைவு இருந்தால் முதலில் அவரிடமே கேட்க வேண்டும். பேச இயலாதவர் கண்ணிமைத்தோ கையை அழுத்தியோ பதில் சொல்லலாம்.

2. பராமரிப்பைக் கற்றுக்கொள்வோம். உணவு கொடுக்கும்போதும், அதற்குப்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் குழாயில் சுத்தமான நீர் செலுத்த வேண்டும். குழாயில் உண்பவரின் வாயையும் நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மருத்துவமனையிலிருந்து கிளம்புமுன் செவிலியர் முன்னிலையில் இதையெல்லாம் ஒருமுறை நாமே செய்து பழகிக்கொள்வது நல்லது.

3. அரசு உதவியைக் கேட்டுப் பெறுவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீடு தேடி வரும் வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்ய அன்பியப் பொறுப்பாளர்கள் துணை செய்யலாம்.

4. பராமரிப்பவரைப் பராமரிப்போம். வாரத்தில் ஒரு பிற்பகல், பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால், அந்தப் பெண் சந்தைக்குப் போகலாம், தூங்கலாம், ஞாயிறு திருப்பலிக்கு வரலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர் இயக்கத்தினரும் முறைவைத்துச் செய்யக்கூடிய பணி இது. அண்டை மாநிலமான கேரளத்தில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களைக் கொண்டே வலிதணிப்புப் பணி ஊர் ஊராகப் பரவியது.

5. உணவு வேளையில் நோயாளியை ஒதுக்காதிருப்போம். குழாயில் உண்பவர் கட்டிலையும் குடும்பம் சாப்பிடும் இடத்துக்கு அருகே போடலாம். ரசம் கொதிக்கும் வாசனை அவருக்கும் எட்டட்டும். சிலருக்கு அது வேதனையாகவும் இருக்கலாம். எனவே கேட்டுச் செய்வோம்.

6. நற்கருணையை மறவாதிருப்போம். அப்பத்தை விழுங்க இயலாதவருக்கு, தேவையின்போது, இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபைச் சட்டம் 925 இடம் தருகிறது. சில துளிகள் விழுங்க முடிந்தாலே போதும். அவருக்கு இனி நற்கருணை கிடையாது என்று குடும்பமே முடிவு செய்துவிடாமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

அன்பார்ந்தவர்களே,

நம் தமிழ் வீடுகளில் யார் வந்தாலும் நாம் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாத ஒருவர் இன்று நம் தெருவிலோ பக்கத்துக் கிராமத்திலோ படுத்திருக்கலாம். பசித்தவருக்கு உணவு கொடுத்தோமா, நோயுற்றவரைப் பார்க்கச் சென்றோமா என்பவற்றை வைத்தே இறுதித் தீர்ப்பு நடக்கும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். குழாயில் உணவு பெறுபவரிடம் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கட்டிலில் சந்திக்கின்றன. நீதிமன்றங்கள் தம் கடமையைச் செய்யட்டும். மருத்துவர்கள் தம் வினாத்தாளை நிரப்பட்டும். அந்தத் தாளில் விழும் எண்ணில் எத்தனை மதிப்பெண் நம்முடையது என்பதை, வரும் அன்பியக் கூட்டத்தில் நாம் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்ப்போம். அத்தகைய நோயாளி நம் அன்பிய எல்லைக்குள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்.